பீச்சாங்கைக்கு ஒரு பீங்கான் கத்தி

என் மாமாவுக்குக் கல்யாணமான மூன்றாம் நாள், புதுப்பெண் அரிந்து வைத்த சுரைக்காயை என் அம்மா முறத்தோடு எடுத்துப்போய் ஆட்டுக்குக் கொட்டினாள். சாராள் அத்தையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அவள் பிறந்ததும் படித்ததும் அதற்கு முன்னால் நடந்தவைதான். ஆனாலும் அவளைக் கேட்டால் அவளே அங்கிருந்துதான் தொடங்குவாள்.

அது 1993, மே மாதம். படாளம் கூட்ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. ஜி.எஸ்.டி. ரோட்டில் கனத்த லாரி போனால் அடுப்படியில் டம்ளர்கள் அதிரும். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டதால், அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்திருந்தாள். அவளைப் பெற்றவர்களும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பி ஜெபக்குமார் மாமாவை ஐ.டி.ஐ. படிக்கவைத்து, மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்த்துவிடும்வரை அவள் ஓய்ந்து உட்காரவில்லை. அம்மா பெயர் மார்கரெட். பஞ்சாயத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எங்கள் தெருவில் அதற்கு முந்தைய தலைமுறை முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். அங்கே அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அம்மாதான். எங்கள் சர்ச்சில், நாங்கள் கோயில் என்போம், எந்த விருந்தென்றாலும் அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உப்பு பார்ப்பவளும் அவள்தான். அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

சாராள் அத்தை மாமல்லபுரத்துக்காரி. கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் அவள் அம்மா மேரி தள்ளுவண்டியில் பழம் அரிந்து விற்றவள். அத்தை பள்ளிக்கூடம் விட்டதும் வண்டிக்கு வந்துவிடுவாள். வெள்ளரிக்காயை விசிறிபோல விரியும்படி கீறி மிளகாய்த்தூள் தடவுவதும், அன்னாசியின் கண்களைச் சுற்றிச் சுற்றி வரி போட்டு எடுப்பதும் அவள் வேலை. எல்லாம் இடது கையில். அவள் இயல்பு அது. அவள் அம்மாவும் அதை மாற்றப் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்தக் கை அரிவதைப் பார்க்கவே வெள்ளைக்காரர்கள் வண்டியைச் சூழ்ந்து நிற்பார்கள், படம் எடுப்பார்கள். அப்படி நின்றவர்களில் பாதிப்பேர் தாங்களும் இடது கையால்தான் எழுதுவார்கள் என்று அத்தை சொல்வாள். தன் கையில் ஏதோ குறை இருக்கிறது என்று கல்யாணமாகி வரும்வரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த மூன்றாம் நாள், வீடு நிறைய உறவுக்காரர்கள். அத்தை சீக்கிரமே எழுந்து, யாரும் சொல்லாமலே கூட்டுக்குச் சுரைக்காய் அரியத் தொடங்கியிருந்தாள். தனக்கு மிக நன்றாகத் தெரிந்த வேலையைப் புது வீட்டில் முதலில் செய்து காட்ட நினைத்திருப்பாள். சோழிபோல ஒரே அளவில் துண்டுகள் முறத்தில் குவிந்திருந்தன. அம்மா வந்து நின்றாள்.

"இன்னாமே இது?"

"சொரக்கா அண்ணி. கூட்டுக்கு."

"அது தெரியுது. எந்தக் கையில அரிஞ்சே?"

அத்தை தன் கையைப் பார்த்தாள். "எனக்கு இந்தக் கைதான் வாகு அண்ணி."

"கழுவுற கையா ஒனக்கு வாகு?"

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா முகவாயில் கைவைத்துச் சிரித்தாள். "ஏன் மார்கரெட்டு, கூட்டுல வாசன கீசன வந்துடும்னு பாக்குறியா?"

"பீச்சாங்கையால அரிஞ்சத எவ துன்னுவா?" என்றாள் அம்மா. முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆடுகள் சுரைக்காயைத் தின்னும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. மாமா வாசலில் குனிந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் அடுப்படியில் ஒரு சட்டம் வந்தது. அத்தை கத்தி பிடித்தால் வலது கையில்தான் பிடிக்க வேண்டும். அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்கறி அரியும்போது, பழக்கமில்லாத வலது கையில் கத்தி எலும்பில் சறுக்கி, இடது ஆள்காட்டி விரலின் நுனியைக் கொண்டுபோய்விட்டது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டிவந்தார்கள். கட்டுப்போட்ட கையைப் பார்த்து அம்மா சொன்னாள், "அடங்காத கை. இனிமேட்டாவது அடங்குதா பாப்போம்."

கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போலிருக்கிறது என்பதைப்போலச் சொன்னாள். ஒருவேளை அதனால்தான் அது அத்தைக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியது.

ஒரு நாள் கட்டு மாற்ற நான் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் மார்கரெட்டின் மகள் என்பது அவளுக்கு நினைவிருந்ததா, இல்லை நினைவிருந்ததால்தான் சொன்னாளா என்று தெரியவில்லை.

"சிநேகா, இந்தக் கையால அரிஞ்சத ஒங்கம்மா துன்னணும். பத்து பேரு பாக்கத் துன்னணும். அது வரிக்கும் நான் இந்த வூட்ட வுட்டு நகரமாட்டேன்."

சொன்னபடியே நகரவில்லை. மறைமலைநகரில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று மாமா பலமுறை கேட்டார். கம்பெனி பஸ்ஸுக்காக விடியலில் ஓடும் தொல்லை அவருக்கு. அத்தைக்கோ அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பதும், மாவு அரைப்பதும், அம்மாவின் பேச்சைக் கேட்பதும்தான் நாள். தப்பித்துப்போக வழி வந்தபோதெல்லாம், "அண்ணிய தனியா வுட்டுட்டு எப்டிப் போறது" என்பாள். ஊரே அவளை நல்ல மருமகள் என்றது. அம்மாகூட ஒருமுறை அப்படிச் சொன்னாள்.

அப்படியே பத்து வருஷத்துக்குமேல் ஓடிவிட்டது. நான் செங்கல்பட்டில் இங்கிலீஷ் மீடியம் முடித்துக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். 2004 தொடக்கத்தில் மாமாவைக் கம்பெனி பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது. என்ன வேண்டும் என்று கேட்டபோது அம்மா வாட்ச் கேட்டாள், நான் பேனா கேட்டேன், அத்தை கத்தி கேட்டாள்.

"கத்தியா? இங்க இல்லாத கத்தியா?"

"நல்லதா ஒண்ணு. எனக்குன்னு."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் கூட்ரோட்டு டெலிபோன் பூத்துக்கு மாமா போன் செய்வார். ஒரு ஞாயிறு நானும் அத்தையும்தான் போனோம். மாமா கடையிலிருந்தே பேசினார். கூட வந்த இன்ஜினீயர் ஒருவரின் செல்போன்.

"சாராளு, கத்திக் கடையிலதான் கீறேன். கடைக்காரரு ஒண்ணு கேக்குறாரு."

"இன்னா?"

"கத்திய எந்தக் கையில புடிப்பாங்கன்னு கேக்குறாரு."

அத்தை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சிரிச்சிகினா கேக்குறாரு?"

"இல்லியே. சும்மாதான். செருப்பு சைசு கேக்குறா மாரி."

"எடதுன்னு சொல்லு. சத்தமா சொல்லு, எனக்குக் கேக்கணும்."

அங்கே மாமா "லெஃப்ட்" என்று சொன்னது எனக்கே கேட்டது. பூத்தை விட்டு வெளியே வந்தபோது அத்தையின் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. "அங்க இப்டித்தான் கேப்பாங்களாம்" என்று மட்டும் சொன்னாள்.

மாமா பிறகு விவரம் சொன்னார். அந்தக் கடையின் எஃகுக் கத்திகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டும்தான் தீட்டியிருக்குமாம். வலது கைக்காரருக்கு நேராக இறங்குவது இடது கையில் கோணிக்கொண்டு போகும். இடது கைக்கு என்று தனியாகச் சொல்லிச் செய்ய நாளாகும். மாமா விழிப்பதைப் பார்த்துக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைக் கத்தியை எடுத்தாராம். பீங்கான். ஏதோ வெள்ளை மண்ணை மாவாக்கி அழுத்திச் சுட்டுச் செய்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தீட்டியது, எந்தக் கைக்கும் ஒன்றுதான். துருப்பிடிக்காது. பெரியதும் இருந்தது, சின்னதும் இருந்தது. அலகு நீளமாக நீளமாக ஒடிவதும் எளிது என்று கடைக்காரர் சொன்னதால், காய் அரியப் போதுமான, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீண்டதாக ஒன்றை மாமா தேர்ந்தெடுத்தார்.

அது வீட்டுக்கு வந்த நாளில் சந்திரம்மாவும் இருந்தாள். மாமா பெட்டியைத் திறந்தார்.

"இன்னாடா இது, பல்லு மாரி வெளுப்பா கீது?" என்றாள் அம்மா.

"பீங்கான் கத்திக்கா. சாராளுக்கு."

"பீங்கானா?" அம்மா கத்தியைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். சீப்பு அளவுக்குக்கூடக் கனமில்லை. "பீச்சாங்கைக்குப் பீங்கான் கத்தி. எகன மொகனயோட வாங்கியாந்துகீறான் பாரு சந்திரம்மா."

சந்திரம்மா சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா கத்தியைத் திரும்பப் பெட்டியில் வைக்கவில்லை.

"பீங்கானு ஒடையுற சாமான். இவகிட்ட குடுத்தா நாலு நாளு தாங்காது. எங்கிட்ட இருக்கட்டும்."

"அக்கா, அது சாராளு கேட்டு..."

"இன்னாது?"

"ஒண்ணும் இல்லக்கா. அத எப்டிப் பொயங்கணும்னா..."

"கத்தி புடிக்க எனக்குச் சொல்லித் தரியா? ஒனக்குச் சோறு ஊட்டுன கை இது."

மாமா காலிப் பெட்டியை மூடிவைத்தார். அத்தை காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். கத்தி கூடத்துக் கண்ணாடி அலமாரிக்குப் போனது. டீ செட்டுக்கும் பைபிள் வசனம் எழுதிய தட்டுக்கும் நடுவில், வருகிறவர்கள் பார்க்கும்படி.

மறுநாள் கொல்லையில் துணி பிழியும்போது அத்தை மாமாவிடம் கேட்டாள், "அத எப்டிப் பொயங்கணும்?" அவளிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். நேராக மட்டும் இறக்கி அரிய வேண்டும். காய்க்குள் வைத்துத் திருகக்கூடாது, நெம்பக்கூடாது. எலும்பு, தேங்காய், கொட்டையுள்ள பழம் எதிலும் வைக்கக்கூடாது. அடியில் மரப்பலகைதான் வேண்டும், கல்லோ தட்டோ கூடாது. நம் சாணைக்கல்லில் தீட்டினால் கல்தான் தேயும், இல்லாவிட்டால் கத்தி முனை உதிரும். அதைத் தீட்ட வைரத்தூள் சக்கரம் வேண்டும். கீழே போட்டால் அவ்வளவுதான். தேய்க்கப் போடும் பாத்திரக் குவியலில் சேர்க்காமல் தனியாகக் கழுவி வைக்க வேண்டும்.

அம்மா பள்ளிக்கூடம் போனதும் அத்தை அலமாரியைத் திறப்பாள். கல்லூரி விடுமுறை நாட்களில் நான் பார்த்திருக்கிறேன். மாமாவிடம் சொல்லி மறைமலைநகரிலிருந்து ஒரு மரப்பலகை வரவழைத்திருந்தாள். அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருப்பாள். வெள்ளைக் கத்தி இடது கைக்கு வந்ததும் அவள் தோள்களே வேறு மாதிரி இறங்கும். நுனியில்லாத விரலை மடக்கி வைத்துக்கொண்டு வெங்காயத்தை அரிவாள். அடியில் இருக்கும் பலகையின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக விழும். தக்காளி நசுங்காது, தோலில் வைத்ததுமே உள்ளே போகும். வாழைக்காய் அரிந்தால் நம் இரும்புக் கத்தியில் ஏறும் கறுப்புக் கறை அதில் ஏறாது. எலுமிச்சை பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒருமுறை தண்ணீரில் காட்டினால் பூண்டு வாசனை போய்விடும். வேலை முடிந்ததும் துடைத்து, டீ செட்டுக்குப் பக்கத்தில் அது இருந்த அதே கோணத்தில் வைத்துவிடுவாள். அன்று சாப்பிட்டது அந்தக் கை அரிந்ததை என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் தெரியாமல் தின்பது அத்தைக்குப் போதவில்லை.

"இது கணக்குல வராது" என்பாள். "தெரிஞ்சி துன்னணும்."

அம்மா அந்தக் கத்தியை எடுப்பது யாராவது வீட்டுக்கு வந்தால்தான். ஸ்டீல் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஆப்பிள் அரிவாள். கிறீச்சென்று பல் கூசும். கூர் குறைந்த மாதிரி தோன்றினால் வாசற்படிக் கல்லில் நான்கு இழுப்பு இழுப்பாள். மாதங்கள் போகப்போக அலகின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடிப்பொடியாகப் பற்கள் விழுந்தன. அத்தை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பிடித்து அதைப் பார்ப்பாள்.

"அம்மாகிட்ட சொல்லலியா அத்தை?" என்று கேட்டேன்.

"கேட்டாங்களா?"

"கேக்கல."

"கேட்டா சொல்லுவேன்."

அந்த வருஷம் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை அக்டோபரில் வந்தது. விளைந்ததில் முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். நெல் மூட்டை, வாழைத்தார், கோழி, ஆடு, பூசணி, வெள்ளரி. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள், பிறகு விருந்து. கறிக்குழம்பும் வெள்ளைப் பூசணிக் கூட்டும் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அன்று காலை அவள் அலமாரியிலிருந்து வெள்ளைக் கத்தியை எடுத்துத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். புதிதாக வந்திருந்த பாஸ்டரம்மாவிடம் ஜப்பான் கத்தியைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

அத்தை அதைப் பார்த்தாள். "பூசணிக்காய்க்கா அண்ணி?" என்று கேட்டாள்.

"ஏன், ஒனக்கு இன்னா அதுல?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

கோயிலுக்குப் பின்னால் ஓலைப்பந்தலில் அடுப்புகள். நான் ஏலப் பொருட்களை அடுக்க முன்பக்கம் போய்விட்டேன், அதனால் அடுத்து நடந்ததை அத்தை சொல்லித்தான் அறிவேன். அம்மா பெரிய பூசணி ஒன்றில் கத்தியைக் குத்தி இறக்கினாள். பாதியில் சிக்கிக்கொண்டது. இரும்புக் கத்தியாக இருந்தால் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: பிளப்பதற்காகத் திருகி நெம்பினாள். சோற்றில் கல் கடிபட்டதைப்போல ஒரு சத்தம். கைப்பிடி கையில் வந்தது. அம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள். மற்றவர்கள் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார்கள். சதைக்குள்ளிருந்து ஒடிந்த அலகை நோண்டி எடுத்து, இரண்டையும் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, வேறொரு கத்தியை எடுத்து அதே பூசணியை அரிந்து அண்டாவில் போட்டாள். அண்டா கழுவும் இடத்திலிருந்து அத்தை அதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பி வந்தபோது அத்தை பந்தலுக்குள் பூசணித் தோலையும் குடலையும் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். நடுவில் குனிந்து எதையோ எடுத்து முந்தானை முனையில் முடிந்தாள்.

ஏலம் முடிந்தது. இலை போட்டாயிற்று. ஆண்களும் பெண்களும் பந்தலைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். கூட்டு இறங்கி, தேங்காய் வாசனையோடு ஆவி பறந்துகொண்டிருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"அண்ணி, ஒங்க வெள்ளக் கத்தி எங்க?"

"உள்ள கீது. இன்னாத்துக்கு?"

"பாஸ்டரம்மாவுக்குக் காட்டுறேன்னீங்களே."

"ஆமாம் மார்கரெட்" என்றாள் பாஸ்டரம்மா. "காலையிலிருந்து கேட்கணும்னு இருந்தேன்."

"சோறு ஆறிப்போவும். அப்பறம் பாத்துக்கலாம்மா."

"ஒரு நிமிசம்தான் அண்ணி" என்று அத்தை நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த பையை எடுத்து, பாஸ்டரம்மாவின் கையில் பணிவாகக் கொடுத்தாள். அம்மா எழுந்தாள், ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் பாஸ்டரம்மா கையிலிருந்து பையைப் பிடுங்க முடியவில்லை. துண்டு பிரிந்தது.

"ஐயோ, ஒடைஞ்சிருக்கே. எப்போ?"

"வூட்லயே" என்றாள் அம்மா. "காலையில."

"பூசணிக்கா பொளக்கசொல்லோ ஒடஞ்சிது" என்றாள் அத்தை. "நான் பாத்தேன். நெம்பினாங்க."

அத்தை இரண்டு துண்டுகளையும் ஒரு வாழையிலையில் வைத்து, முறிந்த இடத்தைப் பொறுமையாகச் சேர்த்தாள். சேர்ந்தது. ஓரத்தில் மட்டும் அரிசி நொய் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் வழியே இலையின் பச்சை தெரிந்தது.

"இந்தத் துணுக்கு எங்க அண்ணி?"

 எல்லாரும் அண்டாவைப் பார்த்தார்கள். வெள்ளைப் பூசணி, வெள்ளைத் தேங்காய்.

"கரண்டி வுட்டுத் தேடலாமா?" என்றார் ஒருவர்.

"எங்கேன்னு தேடுவ? கண்ணாடி மாரி அது" என்றார் கோயில் மூப்பர். "கொழந்தைங்க துன்னா கொடல அறுத்துடும்."

அத்தை அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டாள். சத்தம் போடவில்லை. பந்தல் முழுக்கக் கேட்டது.

"அண்ணி அரிஞ்சத எவ துன்னுவா?"

சந்திரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்களில் எத்தனை பேருக்கு அந்த வார்த்தை நினைவிருந்ததோ தெரியாது. அம்மாவுக்கு இருந்தது. 

அண்டாவின் காதில் மூங்கிலைக் கொடுத்து இரண்டு பேர் தூக்கினார்கள். "ஆட்டுக்காவது வெக்கலாமே" என்றாள் யாரோ. "ஆட்டுக்கும் ஆவாது" என்றாள் அத்தை. எச்சில் இலை போட வெட்டிய குழியில் கூட்டைக் கொட்டினார்கள். எங்கள் தெருவில் சோற்றுப் பருக்கை சிந்தினால் பொறுக்கி வாயில் போடுகிறவர்கள் உண்டு. எல்லாரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவள் அதற்கு முன்பு வாங்கியதே இல்லை.

"குழம்பு மட்டும் போதுமா, தொட்டுக்க ஏதாவது வேணுமே" என்றாள் பாஸ்டரம்மா.

ஏலத்தில் மாமா ஒரு கூடை வெள்ளரிக்காய் எடுத்திருந்தார். எடுக்கச் சொன்னது அத்தை என்று பிறகுதான் தெரிந்தது. "பச்சடி போட்டுடறேன்" என்றாள். ஒரு பலகையைக் காலடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தபோது, கத்தி இடது கையில் இருந்தது. சாதாரண இரும்புக் கத்தி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிறவள் நாற்காலியில் வாய்மூடி இருந்தாள். கை வேலை செய்யத் தொடங்கியதும் பேச்சுச் சத்தம் மெல்ல நின்றது. பிள்ளைகள் கிட்டே வந்தார்கள், பிறகு பெரியவர்கள். வெள்ளரிக்காய் அவள் கையிலிருந்து துண்டுகளாக விழவில்லை, ஊற்றியதுபோல விழுந்தது. மாமல்லபுரத்தில் அந்த வண்டியைச் சுற்றி ஆட்கள் எதற்காக நின்றார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. மோரும் உப்பும் கொத்தமல்லியும் சேர்த்தாள். பந்தி உட்கார்ந்தது.

அத்தை தானே பரிமாறினாள். கோயில் மூப்பருக்கு, பாஸ்டருக்கு, பிள்ளைகளுக்கு, சந்திரம்மாவுக்கு, எல்லாருக்கும் வலது கையால். அம்மாவின் இலைக்கு முன்னால் வந்தாள். நின்றாள். கரண்டியைக் கை மாற்றினாள். நுனியில்லாத விரல் கரண்டிக் காம்பின்மேல் படிந்தது. ஒரு கரண்டி, மேலே இன்னொரு கரண்டி.

"சாப்புடுங்க அண்ணி."

அம்மா இலையைப் பார்த்தாள். கொட்டிய கூட்டுக்குப் பதில் வந்த பச்சடியை, ஊரே தின்றுகொண்டிருக்கும் பச்சடியை, எந்த வாயால் மறுப்பாள்? எதிர் வரிசையில் எல்லார் கையும் நின்றிருந்தது. அவள் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். விழுங்குவது கழுத்தில் தெரிந்தது.

"உப்பு பத்துதா அண்ணி?"

"பத்துது."

அத்தை அடுத்த இலைக்குப் போனாள். கரண்டி மறுபடி வலது கைக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் அவளாகவே மாமாவிடம் சொன்னாள், "மறைமலைநகர்ல வூடு பாரு." நவம்பருக்குள் போய்விட்டார்கள். அம்மா தடுக்கவில்லை. அதற்குப் பிறகு கோயில் விருந்துகளில் அவள் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்காரவும் இல்லை. முன்வரிசையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டு வருவாள். கூப்பிடுகிறவர்கள் இருந்தார்கள், "வேற ஆளு பாருங்க" என்றுவிடுவாள்.

2008இல் எனக்கு மறைமலைநகரிலேயே வேலை கிடைத்தது. சில மாதம் அத்தை வீட்டில் தங்கினேன். அவள் வேறொரு பீங்கான் கத்தி வாங்கியிருந்தாள், சென்னையில், கறுப்பு அலகு. கடையில் அதைக் கையில் பிடித்துப் பார்த்து, அலகு கைப்பிடிக்குள் ஆடுகிறதா என்று பார்த்து, உறையோடு இருப்பதாகத் தேடி எடுத்ததைச் சொன்னாள்.

"வெள்ள வேணாமா அத்தை?"

"ஒடஞ்சா தெரியணும் இல்ல" என்றாள்.

பிறகு அடுப்பு மேடைக்கு மேலிருந்த தட்டிலிருந்து ஒரு காலித் தைலப் புட்டியை எடுத்து, உள்ளங்கையில் கவிழ்த்தாள். அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைத் துணுக்கு. ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது. அன்று அவள் பூசணித் தோலுக்கு நடுவில் குனிந்ததும், முந்தானையில் எதையோ முடிந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தன. 

"அப்போ, அந்தக் கூட்டுல ஒண்ணுமே இல்லியா அத்தை?"

அத்தை துணுக்கைப் புட்டிக்குள் போட்டு மூடியைத் திருகினாள்.

"என் சொரக்காயிலயும் ஒண்ணும் இல்ல" என்றாள்.